'லைன்' என்னும் சொல்லும் அதன் தமிழ்ப் பொருள்களும்: கமுந்திங் வட்டார வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் சொற்களே மொழிபெயர்ப்பாளருக்கு மிகுதியான இடர்ப்பாட்டைத் தருகின்றன. அரிய கலைச்சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு. அகராதியைத் திறந்தால் விடை கிடைத்துவிடும். எளிய சொல்லோ பத்துப் பொருள்களையும் தாங்கி நிற்கும். அகராதியில் முதலாவதாகக் காணப்படும் பொருளை எடுத்துக்கொண்டு எல்லா இடங்களிலும் பொருத்த முற்படும்போது பிழை நேர்கிறது. ஆங்கிலத்தில் அன்றாடம் வழங்கும் 'லைன்' என்னும் சொல் இத்தகைய சொற்களுள் ஒன்று. இதற்குத் தமிழ் என்னவென்று மாணவரை வினவினால், 'கோடு' என்றோ 'வரி' என்றோ விடை வரும். இரண்டும் சரியான விடைகளே. ஆயினும் தோட்டத் தொழிலாளர் வாழ்வைப் பற்றிய ஓர் ஆங்கிலப் பத்தியில் வரும் இச்சொல்லைக் 'கோடு' என்று பெயர்த்தால், ஒரு தலைமுறை குடியிருந்த வீடே அந்தப் பத்தியிலிருந்து மறைந்துவிடும்.

இக்கட்டுரை 'லைன்' என்னும் சொல்லின் முதன்மையான பொருள்களைப் பேராக் மாநிலத்தின் கமுந்திங் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு விளக்க முற்படுகிறது. தமிழ் நிகர்ச்சொற்களோடு மலாய், ஃபின்னிஷ் நிகர்ச்சொற்களும் ஒப்பிட்டுக் காட்டப்பெறுகின்றன. எழுத்தறிவு குன்றியிருந்த தோட்டத் தமிழர் இச்சொல்லின் பொருள்களைத் தம் வழக்கில் தனித்தனிச் சொற்களால் பிரித்தே வழங்கினர் என்பதும், கற்ற தலைமுறையினராகிய நாம் அவற்றை மீண்டும் ஒரே சொல்லுக்குள் அடைத்து வருகிறோம் என்பதும் இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

2. சொல்லின் பிறப்பும் பொருள் விரிவும்

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. ஆளிச்செடியையும் அதன் நாரையும் குறித்த 'லினும்' என்னும் சொல்லிலிருந்து, அந்நாரால் ஆன நூலைக் குறிக்கும் 'லினியா' என்னும் சொல் பிறந்தது. அதுவே பிரெஞ்சு மொழியின் வழியாகவும், பழைய ஆங்கிலத்தில் கயிற்றைக் குறித்த சொல்லோடு கலந்தும் இன்றைய 'லைன்' ஆயிற்று. எனவே இதன் அடிப்படைப் பொருள் நூல் அல்லது கயிறு என்பதே. இழுத்துப் பிடித்த நூல் நேராக நிற்கும். ஆதலால் நேர்கோட்டிற்கு அப்பெயர் வந்தது. கோட்டின்மீது பொருள்களை அடுக்கினால் வரிசை ஆகும். வரிசையாக எழுதிய எழுத்து வரி ஆகும். நூல் இரு இடங்களை இணைப்பதால் பாதைக்கும் தொலைபேசி இணைப்புக்கும் அப்பெயர் சென்றது. தந்தைக்குப்பின் மகன் எனத் தொடர்ந்து வருவதால் மரபிற்கும் அதுவே பெயராயிற்று.

நூலிலிருந்து பொருள் விரிவது தமிழுக்கும் புதிதன்று. பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழைக்கும், புலவர் இயற்றும் ஏட்டிற்கும் நாம் 'நூல்' என்னும் ஒரே சொல்லை வழங்குகிறோம். நன்னூலார் இவ்விரு பொருளுக்குமுள்ள உறவை நூற்றல் தொழிலை உவமையாக்கி விளக்குகிறார். மரத்தின் கோணலைத் தச்சர் நூலிட்டு அறிந்து நீக்குவதுபோல, மனத்தின் கோணலை நூல் நீக்கும் என்றும் கூறுகிறார். யாழின் நரம்பைக் குறித்த 'தந்தி' என்னும் சொல் பின்னாளில் மின்கம்பிவழிச் செய்திக்குப் பெயராயிற்று. ஆகவே 'லைன்' எனும் சொல்லின் பொருள் விரிவு நமக்கு விளங்காத ஒன்றன்று. ஆனால் விரிந்த திசைகள் இரு மொழிகளிலும் வேறுவேறானவை. ஆங்கிலத்தில் நூலுக்குரிய சொல் வரிசைக்கும் பாதைக்கும் சென்றது. தமிழில் அது ஏட்டிற்குச் சென்றது. இவ்வேறுபாடே ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்னும் மொழிபெயர்ப்பு முறை தோல்வியுறுவதற்குக் காரணமாகிறது.

'கோடு' என்னும் தமிழ்ச்சொல்லும் ஒரு பொருளோடு நிற்பதன்று. விலங்கின் கொம்பு, யானையின் தந்தம், மலையின் உச்சி, மரத்தின் கிளை, நீர்நிலையின் கரை ஆகியனவும் பழந்தமிழில் கோடுகளே. அவ்வாறே 'வரி' என்பது எழுத்தின் வரியையும், விலங்கின் உடலில் உள்ள கீற்றையும், அரசுக்குச் செலுத்தும் இறையையும், சிலப்பதிகாரத்துக் கானல்வரி போன்ற இசைப்பாடலையும் குறிக்கும். எனவே பல பொருள்களையுடைய ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகப் பல பொருள்களையுடைய ஒரு தமிழ்ச்சொல்லை வைக்கும்போது, இரண்டும் சந்திக்கும் இடம் மிகச் சிறியது என்பதை உணர்தல் வேண்டும்.

3. கமுந்திங்கும் 'லைன்' என்னும் சொல்லும்

கமுந்திங் தைப்பிங் நகருக்கு அண்மையில், லாருட், மாத்தாங், செலாமா மாவட்டத்தில் அமைந்த ஊர். 'கெமுந்திங்' என்பது மலாய் மொழியில் ஒரு செடியின் பெயருமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் 'கிளியான் பாரு', அதாவது புதிய சுரங்கம், என வழங்கப்பட்டது. ஈயச் சுரங்கங்களுக்காக நிகழ்ந்த லாருட் போர்கள் 1874ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கையோடு முடிவுக்கு வந்தன. சுரங்கங்களின் ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டுசெல்லும் பொருட்டுத் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை அமைக்கப்பட்டு, 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் 'ரயில்வே லைன்' இதுவே. இதனை அமைக்கும் பணிக்கு இலங்கையிலிருந்து தொழிற்படையினர் வரவழைக்கப்பட்டனர். போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கே பாதை இல்லை. ஆயினும் பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை எஞ்சியுள்ளது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழும் எழுதப்பட்டுள்ளமை, அப்பாதையோடு தமிழர் கொண்டிருந்த உறவுக்குச் சான்றாகும்.

ஈயத்தைத் தொடர்ந்து ரப்பர் வந்தது. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்துசேர்ந்த ரப்பர்க் கன்றுகளுள் சில பேராக்கின் கோலா கங்சாரில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேராக்கின் பெரும்பரப்பில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் உழைக்கத் தமிழர் ஒப்பந்த முறையிலும் கங்காணி முறையிலும் கொணரப்பட்டனர். அவர்கள் தங்குவதற்கு எழுப்பப்பட்ட நீண்ட குடில் வரிசைகளையும் ஆங்கிலேயர் 'லைன்' என்றே அழைத்தனர். மரங்கள் நடப்பட்ட வரிசையும் அவர்களுக்கு 'லைன்' ஆயிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. சில செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து இளையோர் பலர் தொழிற்பேட்டைகளை நாடினர். கமுந்திங்கிலும் தொழிற்பேட்டை உண்டு. ஆலையில் அவர்கள் நின்று பணியாற்றும் இடத்திற்கும் 'புரொடக்‌ஷன் லைன்' என்பதே பெயர். இருப்புப்பாதையை அமைத்த தலைமுறை, தோட்டத்துக் குடிலில் வாழ்ந்த தலைமுறை, ஆலையில் நின்ற தலைமுறை ஆகிய மூன்றின் வாழ்வையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறித்துவிடுகிறது. தமிழில் இவை ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் காட்டுதற்குக் கமுந்திங் பொருத்தமான களமாக அமைகிறது.

4. ஒப்பீட்டுக்கு ஃபின்னிஷ் ஏன்?

மலேசியத் தமிழாசிரியர்க்கு மலாய் மொழி ஒப்பீடு இயல்பானது. ஃபின்னிஷ் மொழியை இங்கு இணைத்தமைக்கும் காரணமுண்டு. கால்டுவெல் 1856ஆம் ஆண்டு வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில், ஃபின்னிஷ் உள்ளிட்ட 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளுக்கு உறவு காட்ட முயன்றார். அவ்வுறவை இன்றைய மொழியியலாளர் பொதுவாக ஏற்பதில்லை. ஆயினும் வேர்ச்சொல்லோடு ஒட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லாக்கும் பண்பில் இரு மொழிகளும் ஒத்துள்ளன. சிந்துவெளி எழுத்தாய்வில் ஈடுபட்டு, 2010ஆம் ஆண்டு கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் சிறப்பிக்கப்பெற்ற அஸ்கோ பர்ப்போலாவும் ஃபின்லாந்து நாட்டினரே. அனைத்திற்கும் மேலாக, ஃபின்னிஷ் ஆங்கிலத்தின் மொழிக் குடும்பத்தைச் சாராதது. 'லைன்' என்னும் சொல் தமிழில் பலவாகப் பிரிவது தமிழின் குறையா, அன்றி ஆங்கிலச் சொல்லின் இயல்பா என்பதை நடுநிலையோடு சோதிக்க இத்தகைய மூன்றாம் மொழி துணைபுரியும்.

5. பொருள்களும் நிகர்ச்சொற்களும்

'லைன்' என்னும் சொல்லின் முதன்மையான பொருள்களைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ. வரையப்படுவது: தமிழில் கோடு, மலாயில் 'காரிஸ்', ஃபின்னிஷில் 'வீவா'. நில உருண்டையின்மீது கற்பனையாக வரையப்படுவதும் உள்ளங்கையில் காணப்படுவதும் தமிழில் 'ரேகை' எனத் தனிப்பெயர் பெறும்.

ஆ. பக்கத்தில் எழுதப்படுவது: தமிழில் வரி, மலாயில் 'பாரிஸ்', ஃபின்னிஷில் 'ரிவி'.

இ. செய்யுளின் உறுப்பு: தமிழில் அடி. சீரும் தளையும் கொண்டு அமைவது அடி. தாளில் ஒரு நேரில் காணப்படுவது வரி. ஓர் அடி இரண்டு வரிகளாக மடிந்து அச்சாகலாம். ஃபின்னிஷ் மொழியும் உரைநடை வரியை 'ரிவி' என்றும் செய்யுளடியை 'ஸஎ' என்றும் பிரிக்கிறது. பாடலின் அடிகளை 'வரிகள்' என்று எழுதும் பழக்கம் மாணவரிடம் பரவிவரும் இந்நாளில் இவ்வேறுபாட்டை ஆசிரியர் வலியுறுத்துதல் நன்று.

ஈ. நடிகர் பேசுவது: தமிழில் வசனம் அல்லது உரையாடல், ஃபின்னிஷில் 'ரெப்லீக்கி'.

உ. மக்கள் ஒருவர்பின் ஒருவராக நிற்பது: தமிழில் வரிசை, மலாயில் 'பாரிசான்', ஃபின்னிஷில் 'யோனோ'. தமிழ் 'வரிசை' திருமணத்தில் வழங்கும் சீரையும் ஒருவருக்குச் செய்யும் சிறப்பையும் குறிக்கும் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஊ. மீன் பிடிப்பது: தமிழில் தூண்டில் கயிறு, தூண்டில் நரம்பு, தங்கூசி, மலாயில் 'தாலி பன்சிங்', ஃபின்னிஷில் 'சீமா'. ஆங்கிலச் சொல்லின் மூலப்பொருளாகிய கயிறு இங்கு அப்படியே எஞ்சியுள்ளது. மலாயில் தூண்டில் நரம்பைக் குறிக்கும் 'தங்சி' என்னும் சொல்லும், படைவீரர் குடியிருப்பைக் குறிக்கும் 'தங்சி' என்னும் சொல்லும் ஒரே வடிவுடையவை. இவ்விரு பொருளும் ஆங்கிலத்தில் 'லைன்' என்னும் சொல்லிலும் வந்து கூடுவது தற்செயலான ஒற்றுமை. பிறப்பால் உறவில்லாத சொற்களும் ஒரே வடிவில் அமையலாம் என்பதற்கு இது சான்று.

எ. பேச்சைச் சுமப்பது: தமிழில் தொலைபேசி இணைப்பு, மலாயில் 'தாலியான்', ஃபின்னிஷில் 'லின்யா'. மலாய்ச் சொல்லின் அடி, கயிற்றைக் குறிக்கும் 'தாலி' என்பதாம்.

ஏ. தொடர்வண்டி செல்வது: தமிழில் இரு கூறாகப் பிரியும். கண்ணால் காணும் இரும்புச் சட்டம் தண்டவாளம். ஊரை ஊரோடு இணைக்கும் வழி இருப்புப்பாதை. மலாயில் 'லண்டாசான்', ஃபின்னிஷில் 'ரத்தா'. கமுந்திங் வழியாகச் செல்லும் ஈப்போ - பாடாங் பெசார் பாதை 2014ஆம் ஆண்டு மின்மயமான இரட்டைப் பாதையாக நிறைவு பெற்றது. அதனை 'இரட்டைக் கோடு' என்று எவரும் சொல்வதில்லை.

ஐ. இரு நிலங்களைப் பிரிப்பது: தமிழில் எல்லை; மலாயில் 'செம்படான்'; ஃபின்னிஷில் 'ரயா'.

ஒ. தலைமுறைத் தொடர்ச்சி: தமிழில் மரபு, கால்வழி, கொடிவழி; ஃபின்னிஷில் இனத்தைக் குறிக்கும் 'சுக்கு'. ஆங்கிலேயர் குடும்பத்தை நூலாகக் கண்ட இடத்தில் தமிழர் அதனைப் படர்ந்து கிளைக்கும் கொடியாகக் கண்டனர். பொருள் ஒன்றாயினும் உருவகம் வேறு.

ஓ. ஒருவர் ஈடுபட்டுள்ள தொழில்: தமிழில் துறை. ஆற்றில் இறங்கும் இடத்தைக் குறித்த சொல் இங்கு அறிவுப் பகுப்பையும் தொழிற்பகுப்பையும் குறிக்கிறது.

ஔ. மரங்கள் நிற்பது: தமிழில் நிரை, ஃபின்னிஷில் 'ரிவி'. தொழிலாளர் குடியிருப்பு: தமிழில் லயம். ஃபின்னிஷ் மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் கோடு, வரிசை ஆகியவற்றுக்குரிய சொற்களை நாடாமல், தற்காலிகக் கொட்டிலைக் குறிக்கும் 'பரக்கி' என்னும் சொல்லையே தேர்வார்.

இப்பட்டியலிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. ஆங்கிலம் ஒன்றாகக் காண்பதை ஃபின்னிஷ் மொழியும் ஏறத்தாழத் தமிழைப் போலவே பலவாகப் பிரித்துக் காண்கிறது. ஃபின்னிஷ் மொழியினரும் இச்சொல்லைச் சுவீடிய மொழியின் வழியே 'லின்யா' எனக் கடன் கொண்டனர். பேருந்தை 'லின்யா-அவுத்தோ' என்றும் அழைக்கின்றனர். ஆனால் தடம், இணைப்பு, கொள்கைப்போக்கு போன்ற சில பொருள்களுக்கே அக்கடன் சொல் வழங்குகிறது. வரிசையில் நிற்பதற்கும் தூண்டிலுக்கும் செய்யுளுக்கும் தம் சொற்களை அவர்கள் விட்டுவிடவில்லை. கடன் கொள்வது குறையன்று. கொண்ட சொல்லுக்கு வரம்பு கட்டத் தவறுவதே குறை.

6. லயம்: சொல்லும் வாழ்வும்

தோட்டத் தமிழர் ஆங்கிலச் சொல்லுக்கு இத்தகைய வரம்பைக் கட்டினர் என்பதற்கு 'லயம்' சிறந்த சான்றாகும். பிரித்தானிய இந்தியாவில் படைவீரர் குடியிருப்புகள் வரிசையாகக் கட்டப்பட்டமையால் அவை 'லைன்ஸ்' எனப்பட்டன. அவ்வழக்கே தோட்டத்திற்கும் வந்தது. காலையில் தொழிலாளரை ஒன்றுகூட்டிப் பெயர் பதியும் நிகழ்ச்சியைத் தோட்டத்தில் 'பெரட்டு' என்பர். படையணி வகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்னும் சொல்லின் திரிபாக அது கருதப்படுகிறது. தோட்ட நிருவாகத்தின் சொற்களிலேயே படைமுகாமின் சாயல் படிந்திருந்தது என்பதை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன.

'லைன்' என்பது 'லயம்' ஆன முறை தமிழ் ஒலியியல்புக்கு ஒத்ததே. ஐகாரம் 'அய்' என ஒலிப்பது தமிழில் இயல்பு. எனவே 'லைன்' என்பது 'லயன்' ஆயிற்று. 'நிலம் - நிலன்', 'அறம் - அறன்' என மகர னகரங்கள் சொல்லிறுதியில் ஒன்றற்கொன்று போலியாக வருவதை இலக்கணம் கூறும். அவ்வாறே 'லயன்' என்பது 'லயம்' ஆயிற்று. இலங்கை மலையகத்தில் 'லயம்', 'லயன்' ஆகிய இரு வடிவங்களும் வழங்குகின்றன. அங்கு ஓர் அறையை 'லயன் காம்பரா' என்பர். தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் ஒரே கூரையின்கீழ் அமைந்த வாடகைக் குடியிருப்புகளை 'லைன் வீடு' என்கின்றனர். மூன்று நாடுகளிலும் வடிவம் சற்று வேறாயினும், தமிழர் இக்கடன் சொல்லைக் குடியிருப்புப் பொருளுக்கெனத் தனியே ஒதுக்கிக்கொண்டமை பொதுவாக உள்ளது.

இசையில் தாளத்தோடு இயைந்த கால ஒழுங்கைக் குறிக்கும் 'லயம்' வடமொழிவழி வந்த வேறு சொல். குதிரை கட்டும் இடத்தைக் குறிக்கும் 'லாயம்' மற்றொரு சொல். தொழிலாளரை விலங்குபோல் நடத்தியமையால் 'லாயம்' என்பதே 'லயம்' ஆயிற்று என விளக்குவது உணர்ச்சிக்கு ஏற்றதாகலாம், சொல்வரலாற்றுக்கு ஏற்றதன்று. தோட்ட வாழ்வின் கொடுமைக்குச் சான்று காட்டப் பிழையான சொற்பிறப்பு வேண்டியதில்லை. படைமுகாமின் பெயரே தொழிலாளர் குடியிருப்புக்கு வைக்கப்பட்டது என்னும் உண்மையே போதிய சான்றாகும்.

மரங்களின் வரிசைக்குத் தோட்டத் தமிழர் அயற்சொல்லை ஏற்கவே இல்லை. பசுக்கூட்டத்தையும் ஒழுங்கான வரிசையையும் குறித்த பழந்தமிழ்ச் சொல்லாகிய 'நிரை' அவர்களது நாவில் இருந்தது. பால் வெட்டுவோருக்கு நிரை பிரித்துக் கொடுக்கப்பட்டது. தொடர்வண்டிப் பாதைக்குத் 'தண்டவாளம்' என்றும் தொலைபேசிக்கும் மின்சாரத்திற்கும் உரியதைக் 'கம்பி' என்றும் வழங்கினர். லயத்தில் குடியிருந்து, நிரையில் மரம் வெட்டி, தண்டவாளத்தைக் கடந்து ஊருக்குச் சென்ற ஒருவருக்கு இம்மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பது தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. பொருள் வேறானால் சொல்லும் வேறாக வேண்டும் என்னும் மொழியுணர்வு அவருக்கு இருந்தது.

7. தொல்காப்பியம் காட்டும் வழி

பலபொருள் ஒருசொல்லைக் கையாளும் முறையைத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் வகுத்துள்ளார். அத்தகைய சொல்லை, வினையால் பொருள் வேறுபடுவது, வினையால் பொருள் வேறுபடாதது என இருவகைப்படுத்துகிறார். முன்னையதன் பொருளை அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகிய மூன்றும் தெளிவாக்கும். பின்னையதை வெளிப்படையாகக் கிளந்து கூறுதல் வேண்டும். மரத்தையும் விலங்கையும் குறிக்கும் 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால், 'மா பூத்தது' என்னும்போது வினையே அதனை மரமென உணர்த்திவிடும். 'மா வீழ்ந்தது' என்னும்போது மரமும் வீழலாம், விலங்கும் வீழலாம். ஆதலால் 'மாமரம் வீழ்ந்தது' எனக் கூறுதல் முறை.

இம்முறையை அப்படியே 'லைன்' என்னும் சொல்லுக்குப் பொருத்திக் காணலாம். 'லைன் அறுந்தது' என்னும் தொடரில் அறுதல் என்னும் வினை குடியிருப்புக்கும் மரவரிசைக்கும் பொருந்தாது. எனவே கயிறோ கம்பியோதான் கருதப்பட்டது என்பது தெளிவு. இவ்விரண்டனுள் எது என்பதை இனம் காட்டும்: தூண்டில், முள், இரை ஆகியவை உடன் வந்தால் கயிறு, கம்பம், மின்சாரம் ஆகியவை வந்தால் கம்பி. 'லைனில் பிறந்து வளர்ந்தார்' என்னும்போது வினையே லயத்தைக் காட்டிவிடும். 'அதிகாரி லைனைப் பார்வையிட்டார்' என்பதோ வினையால் வேறுபடாதது. தொடர்வண்டித் துறையின் அறிக்கையாயின் அது இருப்புப்பாதை. தோட்ட மருத்துவரின் அறிக்கையாயின் லயம். ஆலையின் அறிக்கையாயின் உற்பத்தி வரிசை. இங்கே சார்பு துணைக்கு வருகிறது. சார்பும் கிடைக்காதபோது மொழிபெயர்ப்பாளர் கிளந்து கூறுதல் கடமையாகும்.

ஆங்கில இலக்கணக் குறிப்பொன்றும் உதவும். குடியிருப்பைக் குறிக்கும்போது இச்சொல் ஆங்கிலத்தில் பெரும்பாலும் பன்மையில் 'லைன்ஸ்' என வரும். காலனியக் காலத்துத் தோட்ட அறிக்கைகளில் பன்மை வடிவத்தோடு கூரை, குடிநீர், தூய்மை போன்ற சொற்கள் அணுகி வருமாயின் அது லயமே எனத் துணியலாம். தமிழ் மலேசியரின் வரலாற்றை மூல ஆவணங்களிலிருந்து எழுத முற்படும் இளம் ஆய்வாளர்க்கு இக்குறிப்பு இன்றியமையாதது. அவ்வாவணங்களில் தொழிலாளரின் பெயர்கள் அரிதாகவே இடம்பெறும். அவர்களது வாழிடம் பற்றிய குறிப்பையும் 'வரிசைகள்' என்றோ 'கோடுகள்' என்றோ பெயர்த்துவிட்டால், அவர்கள் அங்கு வாழ்ந்த சுவடும் அழிந்துவிடும்.

8. இன்றைய வழக்கும் வகுப்பறையும்

இன்றைய மலேசியத் தமிழ்ப் பேச்சில் நிலை மாறியுள்ளது. கைப்பேசித் தொடர்பு கிட்டாதபோது 'லைன் இல்லை' என்கிறோம். வங்கியில் 'லைனில் நிற்கிறோம்'. ஒருவரது தொழிலை அறிய 'அவர் எந்த லைன்' என வினவுகிறோம். ஆலையில் 'லைன்', பாடலில் 'லைன்', தொடர்வண்டிக்கும் 'லைன்'. தொடர்பு, வரிசை, துறை, அடி, பாதை எனத் தமிழ் பிரித்து வைத்திருந்த பொருள்கள் யாவும் ஒரே ஒலிக்குள் அடங்கிவிட்டன. பிறமொழிச் சொல் கலந்ததைக் காட்டிலும், பொருள் வேறுபாடுகள் மங்கிப்போவதே இங்குக் கவலைக்குரியது. வேறுபாட்டைச் சொல்லும் சொல் இல்லையேல், வேறுபாட்டை நினைக்கும் பழக்கமும் நாளடைவில் குறையும்.

அதே வேளையில் 'லயம்' என்னும் சொல் மறுமுனையில் மறைந்து வருகிறது. லயங்கள் இடிக்கப்பட்ட பின்னர்ப் பிறந்த மாணவர்க்கு அது இசைச் சொல்லாக மட்டுமே தெரியக்கூடும். மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளையும் நாவல்களையும் கற்பிக்கும் ஆசிரியர் இதனை உணர்ந்து விளக்க வேண்டியுள்ளது. இச்சொல் அயற்சொல் என்பதாலும் லகரம் மொழிமுதலில் வாராது என்பதாலும் இதனை விலக்க வேண்டும் என்பார் உளர். 'வரிசைக் குடியிருப்பு' என்று எழுதலாமே என்பதும் அவர்தம் கருத்து. நகர்ப்புற வீடமைப்புத் திட்டத்தின் தொடர்வீடுகளும் வரிசைக் குடியிருப்புகளே. அவற்றையும் லயத்தையும் ஒரே பெயரால் குறித்தால் மீண்டும் பொருள் மயக்கமே விளையும். எனவே தோட்டக் குடியிருப்பைக் குறிக்க 'லயம்' என்பதையே உரைநடையில் ஆள்வதும், முதன்முறை வரும்போது அதன் பொருளைக் கிளந்து கூறுவதும் தக்கதென நாம் கருதுகிறோம். எழுத்து முறை பேண விழைவோர் 'இலயம்' என எழுதுதல் தடையன்று.

மொழிபெயர்ப்புப் பயிற்சியில் ஆசிரியர் மூன்று படிகளைக் கைக்கொள்ளலாம். முதலாவதாக, 'இச்சொல்லுக்குத் தமிழ் என்ன' என்று கேட்பதை விடுத்து, 'இத்தொடரில் இச்சொல் எதனைக் குறிக்கிறது' என்று கேட்டல் வேண்டும். இரண்டாவதாக, வினை, இனம், சார்பு ஆகிய மூன்றையும் மாணவரே அடிக்கோடிட்டுக் காட்டச் செய்தல் வேண்டும். மூன்றாவதாக, மலாய் நிகர்ச்சொல்லையும் உடன் வினவலாம். 'காரிஸ்', 'பாரிஸ்', 'தாலியான்', 'லண்டாசான்' ஆகியவற்றுள் எது பொருந்தும் என மாணவர் தேர்ந்தால், தமிழ்ச்சொல்லைத் தேர்வதும் எளிதாகும். மும்மொழிச் சூழல் நம் மாணவர்க்குச் சுமை எனக் கருதப்படுவதுண்டு. பொருள் வேறுபாட்டை உணர்த்துவதில் அது அவர்களுக்கு வாய்த்த நற்பேறாகும்.

9. முடிவுரை

'லைன்' என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நாம் கண்டவை ஏனைய எளிய சொற்களுக்கும் பொருந்தும். தோட்டத்தையும் தொழிற்பேட்டையையும் வீடமைப்புப் பகுதியையும் ஆங்கிலம் 'எஸ்டேட்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதை இவ்வாறே ஆராயலாம். சொல்லின் பொருள் அதனோடு வரும் சொற்களாலும் சூழலாலும் துணியப்படுகிறது என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு நமக்குத் தெரிந்த நெறி. அந்நெறியை ஏட்டில் பயிலாத தோட்டத் தமிழர் வாழ்வில் கடைப்பிடித்தனர்.

அவர்கள் பிரித்து வழங்கிய சொற்கள் இன்று முதியோர் நினைவில் எஞ்சியுள்ளன. கமுந்திங் வட்டாரத்திலும் பேராக்கின் பிற பகுதிகளிலும் உள்ள தமிழாசிரியர்கள், மாணவரைத் தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, லயம், நிரை, பெரட்டு போன்ற சொற்களையும் அவை வழங்கிய தொடர்களையும் எழுதிவரச் செய்யலாம். சொல்லை மட்டும் தொகுக்காமல், அது எந்த வினையோடும் எந்தச் சார்பிலும் வழங்கியது என்பதையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு தொகுக்கப்பெறும் வட்டார வழக்குச் சொல்லடைவு மொழிபெயர்ப்பாளர்க்கும் வரலாற்றாய்வாளர்க்கும் ஒருசேரப் பயன்படும். சொன்னோர் இருக்கும் காலத்திலேயே இப்பணியைத் தொடங்குதல் வேண்டும்.